மெதுவாக மூச்சை விடுங்கள்

மூச்சுப் பயிற்சி நல்ல பயிற்சிதான், மேடம். அதை நான் குறை சொல்ல மாட்டேன். இந்த அறைக்குள் வருவதற்கு முன்னால்கூட வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஒரு தடவை செய்தேன். அதனால்தான் நிதானமாக இந்த டீயைக் குடிக்க முடிகிறது. உங்கள் போலீஸ் ஸ்டேஷன் டீ பரவாயில்லை. எங்கள் ஆஸ்பத்திரி கேன்டீனில் வெந்நீருக்குக் கொஞ்சம் நிறம் சேர்த்து டீ என்பார்கள்.

நானாகவே ஏன் வந்தேன் என்று கேட்டீர்கள். எங்கள் வார்டில் ஆக்சிஜன் சிலிண்டர் மாற்றும் அண்ணனை நேற்றிலிருந்து இங்கே உட்கார வைத்திருக்கிறீர்கள். அவரை விட்டுவிடுங்கள். ஈ எறும்புக்குக்கூடக் கெடுதல் நினைக்காத மனிதர். எங்கள் ஆஸ்பத்திரியில் எது நடந்தாலும் பழியைக் கடைசியில் நிற்பவர் தலையில் கட்டுவதுதான் வழக்கம். எனக்கு அது பிடிக்காது.

இறந்துபோன எங்கள் சூப்பரிண்டெண்ட்டுக்கு எங்களுக்குள் 'பாக்கலாம்' என்று பெயர். எதைக் கேட்டாலும் அந்த ஒரு பதில்தான். ஒரு கட்டிலில் இரண்டு பேர் தலைமாடு கால்மாடாகப் படுத்திருக்கிறார்கள் சார் என்றால், பாக்கலாம். கையுறையைக் கழுவிக் காயப்போட்டு மாட்டிக்கொள்கிறோம் சார் என்றால், பாக்கலாம். நோயாளிகள் எங்களைக் கூப்பிடுகிற மணி ஒன்றுகூட வேலை செய்யவில்லை, தம்ளரில் ஸ்பூனால் தட்டித்தான் கூப்பிடுகிறார்கள் என்றால், அதற்கும் பாக்கலாம். கெட்ட வார்த்தை பேச மாட்டார். குரலை உயர்த்த மாட்டார். சிரித்த முகமாகத்தான் சொல்வார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்த பிறகுதான் நமக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்பதே உறைக்கும்.

நான் மருத்துவ வார்டின் இன்சார்ஜ் சிஸ்டர். என் தங்கையும் அதே வார்டில்தான் நர்ஸ். வயதில் ரொம்பச் சின்னவள். அம்மா போன பிறகு அவளுக்குத் தலை பின்னி, படிக்க வைத்து, இந்த வேலைக்கும் இழுத்துக்கொண்டு வந்தது நான். சரியான வாயாடி. நோயாளிகள் அவளை ரேடியோ என்பார்கள். ஊசி போடும்போது ஏதாவது கதையை ஆரம்பிப்பாள்; அது சுவாரசியமான இடத்துக்கு வரும்போது ஊசி போட்டு முடிந்திருக்கும். மீதிக் கதை நாளைக்கு என்று போய்விடுவாள். அந்தக் கதையைக் கேட்பதற்காகவே மறுநாள் கையை நீட்டிக்கொண்டு காத்திருந்த கிழவர்கள் உண்டு.

போன வருஷம் எங்கள் நர்ஸ் ஒருத்தி மாடிப்படியிலேயே மயங்கி விழுந்தாள். பேப்பரில் வந்துவிட்டது. நர்ஸ்களின் மன அழுத்தத்தைக் குறைக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு. கூடுதலாக ஆள் போடுவார்கள் என்று நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தோம். மூச்சு விட நேரமில்லை என்றுதானே புலம்பினோம், அதனால் மூச்சு விடக் கற்றுக்கொடுக்க ஒரு டீச்சரை அனுப்பி வைத்தார்கள். அந்தம்மா பாவம், நல்ல மாதிரி. மயிலிறகால் தடவுகிற மாதிரிக் குரல்.

“கோபம் வந்தா எதையும் தொடாதீங்க. கண்ணை மூடுங்க. மூச்சை உள்ள இழுங்க. மெதுவா வெளிய விடுங்க. கோபம் இறங்கின பிறகு வேலையைத் தொடுங்க.”

வகுப்பு காலையில். பகல் டூட்டியில் இருப்பவர்கள் வார்டை விட்டு நகர முடியாது. அதனால் நைட் டூட்டி முடித்தவர்கள் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் வகுப்பில் உட்கார்ந்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று சூப்பரிண்டெண்ட் முடிவு செய்தார். வராதவர்களுக்கு மெமோ. கண்ணை மூடுங்கள் என்றதும் பாதிப்பேர் தூங்கிவிடுவார்கள். நல்ல ஈடுபாடு என்று டீச்சர் சந்தோஷப்படுவார்.

ஒருநாள் என் தங்கை நைட் டூட்டி முடித்து, வகுப்பிலும் உட்கார்ந்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள். ஓரமாக நின்றுகொண்டிருந்த லாரியின் பின்னால் போய் நேராக மோதினாள். ரோட்டில் பிரேக் போட்ட தடமே இல்லை. ஓட்டிக்கொண்டே தூங்கிவிட்டாள். வலியே தெரிந்திருக்காது என்று எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். கேஷுவாலிட்டியில் அவளைத் துடைத்துச் சுற்றியது நான்தான். தெரிந்திருக்குமா தெரிந்திருக்காதா என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இரங்கல் கூட்டத்தில் சூப்பரிண்டெண்ட் பேசினார். “கிளாஸ்ல சொல்லிக் குடுத்ததை ஒழுங்கா செஞ்சிருந்தா அந்தப் பொண்ணுக்கு இப்படி அசதி வந்திருக்காது. மத்தவங்களாவது இதைப் பாடமா எடுத்துக்கணும்.” அதே சிரித்த முகம். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். பிறகு அவர் அறைக்குப் போய், இதை டூட்டியில் நடந்த சாவாக எழுதுங்கள் சார் என்று கேட்டேன். அவர் என்ன சொன்னார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளலாம். அன்றைக்குத்தான் முதன்முதலாக அந்தப் பயிற்சியை முழு மனதோடு செய்தேன்.

அதற்கப்புறம் அவசரப்படவில்லை. ஆஸ்பத்திரி என்பது எல்லோரும் ஒருநாள் படுக்க வருகிற இடம்தானே.

போன வாரம் அவருக்கு நுரையீரல் முழுக்கச் சளி கட்டிக்கொண்டது. ஆக்சிஜன் இல்லாமல் இருக்க முடியாத நிலை. தனியார் ஆஸ்பத்திரிக்கு மறுநாள் கூட்டிப்போகலாம் என்று எங்கள் வார்டில் சேர்த்தார்கள். பெரிய மனிதரைப் பொது வார்டில் போட முடியுமா? வராந்தாவின் கோடியில் உடைந்த கட்டில்களைப் போட்டு வைத்திருந்த அறையை ஒழித்துக் கொடுத்தோம். பொது வார்டாக இருந்திருந்தால் பக்கத்துக் கட்டில்காரர்கள் கூச்சல் போட்டு ஊரைக் கூட்டியிருப்பார்கள். தனி அறைக்குக் கதவு இருக்கிறது.

மத்தியானம் டாக்டர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனதும் அண்ணன் என்னிடம் வந்தார். “சிஸ்டர், தனி ரூம் சிலிண்டர் முடியப் போகுது. சாவி குடுங்க, மாத்திடறேன்.” சிலிண்டரைத் திருகித் திறக்கிற சாவி எங்கள் வார்டுக்கே ஒன்றுதான். இன்னொன்று வேண்டும் என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். “நான் பாத்துக்கறேண்ணே. காலையிலேர்ந்து நீங்க பச்சைத் தண்ணிகூடக் குடிக்கல. போய் சாப்பிடுங்க,” என்றேன். கூட இருந்த நர்ஸை மருந்து வாங்கிவர அனுப்பினேன். அங்கே வரிசை அனுமார் வால் மாதிரி நீளும். சூப்பரிண்டெண்டின் மனைவியிடம், “நீங்க வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு வாங்கம்மா, நான் இருக்கேன்ல,” என்றேன். அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். நீ நல்லா இருக்கணும் என்றார்.

பிறகு தம்ளரில் ஸ்பூன் தட்டும் சத்தம் கேட்டது.

உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். அவர் சிலிண்டரைக் காட்டினார். அவரும் டாக்டர்தான், விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. புது சிலிண்டர் சுவரோரம் தயாராக நின்றது. சாவி என் பாக்கெட்டில் இருப்பதையும் பார்த்துவிட்டார். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். “பதட்டப்படாதீங்க சார். மூச்சை உள்ள இழுங்க. மெதுவா வெளிய விடுங்க.” அவருக்குத் துணையாக நானும் செய்தேன். சும்மா சொல்லக் கூடாது, அவர் முயற்சி பண்ணினார். அந்த வகுப்புக்கு வந்தவர்களில் அவ்வளவு ஈடுபாட்டோடு செய்தவர்கள் யாரும் கிடையாது. சாவி, சாவி என்று வாய் அசைந்தது. நான் சிரித்த முகமாகத்தான் சொன்னேன்.

“பாக்கலாம், சார்.”

கையிலிருந்து ஸ்பூன் விழுந்த பிறகு எழுந்து சிலிண்டரை மாற்றினேன். அளவு காட்டும் முள் முழுசாக ஏறி நின்றது. அவருக்குச் சட்டைப் பித்தானைப் போட்டுவிட்டு, தலையணையை நேராக்கிவிட்டு, அப்புறம்தான் டாக்டரைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினேன்.

கோபத்தில் செய்ததாக எழுதிக்கொள்ளட்டுமா என்கிறீர்கள். கோபம் இறங்கும்வரை எதையும் தொடாதே என்பதுதான் பாடம், அதனால்தான் சிலிண்டரைத் தொடவில்லை என்று சொல்லிவிடலாம் என வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். ஆனால் அது பொய், மேடம். ஸ்பூன் சத்தம் கேட்டபோது எனக்குக் கோபம் துளிகூட இல்லை. பசி எடுத்தது, அது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அவரைக் கொல்ல வேண்டும் என்று நினைத்தேன், கொன்றேன். அப்படியே எழுதுங்கள். என் தங்கையைக் கொன்றது அவருடைய அந்த ஒரு சொல்.

இந்தக் கேள்வி இப்போது எதற்கு, மேடம்? தங்கைக்குத் தொடர்ந்து நைட் டூட்டி போட்டது யார் என்று கேட்டால், வார்டில் யாருக்கு எந்த டூட்டி என்று போடுவது இன்சார்ஜ் சிஸ்டர்தான். நான்தான். ஆள் இருந்தால் வேறு ஆளைப் போட மாட்டேனா? சொந்தத் தங்கைக்குச் சலுகை காட்டுகிறாள் என்று நாலு பேர் பேசுவார்கள். இதெல்லாம் வெளியில் இருப்பவர்களுக்குப் புரியாது. அவள் என்னிடம் எதுவும் கேட்காமல் இல்லை. கடைசியாகக் கிளம்பின அந்தச் சாயங்காலம் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டாள்.

“நாளையிலேர்ந்தாவது எனக்கு நைட் போடாதேக்கா. கண்ணைச் சொருகுது.”

நான் அவள் மறந்து வைத்துவிட்டுப் போன ஸ்கூட்டர் சாவியைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தேன். கன்னத்தைக்கூடத் தட்டினேன், மேடம். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

“பாக்கலாம்.”