கனடாவில் ஒருவன் ஓய்வு பெற்றான்

சான்ட்ரிங்ஹாமிலிருந்து டவுனுக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன்னால் இருந்த யாழ்ப்பாணத்துப் பெரியவர் பக்கத்து இருக்கைச் சென்னைக்காரரிடம் சொன்னார்: "கனடாவில ஒருத்தன் ஐஸ் ஹாக்கியை விட்டிட்டான், தம்பி. இனி ஞாயிற்றுக்கிழமையில எனக்குக் கதையில்லை."

எனக்கு ஹாக்கியும் தெரியாது, கனடாவும் தெரியாது. அடுத்தவர் பேச்சு மட்டும் நன்றாகக் கேட்கும்.

"நீங்க ஹாக்கி பார்ப்பீங்களா, அங்கிள்?"

"நான் எங்க பாத்தன்? அங்க ரொறொன்ரோவில இருக்கிற மகனுக்கு அந்த விளையாட்டுக்காரனெண்டால் உயிர். ஞாயிற்றுக்கிழமையில போன் எடுத்துச் சாப்பிட்டியோ எண்டு கேட்டால் ஓம் எண்டுவான், அதோட சரி. அதால லைப்ரரியில இருந்து அவனைப் பற்றிப் படிச்சன். எத்தினை கோல் அடிச்சவன், எந்தெந்த டீமுக்கு மாத்தினவங்கள், முழங்கால் எப்ப உடைஞ்சது, எல்லாம் சொல்லுவன். ஏழு வருஷம் அப்பிடித்தான் கதைச்சம்."

"ரிட்டயர் ஆனதையும் சொன்னீங்களா?"

"சொன்னன். அவன் சொல்லுறான், 'அப்பா, நான் ஹாக்கி பாக்கிறதை விட்டுக் கனகாலம். நீங்கள் ஆசையாக் கேக்கிறியள் எண்டு சனிக்கிழமையில பேப்பர் பாத்து வைக்கிறனான்.'"

சென்னைக்காரர் சிரித்துவிட்டார். "நல்லதாப் போச்சு. இனிமே ரெண்டு பேரும் மனசு விட்டுப் பேசலாமே!"

"நானும் அப்பிடித்தான் நினைச்சன். ஒரு நிமிஷம் போயிருக்கும். ஒருத்தருக்கும் ஒரு கதையும் வரேல்லை."

"அப்புறம்?"

"பிறகு அவன் மெதுவாச் சொன்னான், 'புதுசா ஒரு பெடியன் வந்திருக்கிறான் அப்பா, நல்லா விளையாடுறானாம்.' நான் பேனையை எடுத்து, எழுத்தெழுத்தாக் கேட்டுப் பேரை எழுதினன்."