புளியமரத்தடிக் கத்தாழை

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் மரங்களை வெட்டிச் சாலையில் போட்டிருந்த வாரம். நான்கு நாள் கழித்து ஓடிய வெள்ளிமலை பஸ்ஸில், எனக்கு முன்னால் இரண்டு பெண்கள்.

“நான் அம்மா வூட்டுக்குப் போயிருக்கசொல்ல எங்க வாசப் புளியமரத்த சாச்சிட்டாங்கக்கா. ஆனா அதுங்கீழ இருந்த குட்டிக் கத்தாழத் தொட்டி ஒண்ணுகூட ஒடையல” என்றாள் இளையவள்.

“இன்னாடி சொல்ற?”

“முன்னாடியே எடுத்து வச்சிருக்காங்க. இன்னிக்குக் காலைல தண்ணி ஊத்தசொல்லதான் பாத்தேன். வரி வரியா கோடு போட்ட கத்தாழ முழு நிழல்ல இருக்கு. ரோஜாப்பூ கணக்கா அடுக்கடுக்கா இருக்குமே, அது காலை வெயில் மட்டும் படுற செவுத்தோரம் இருக்கு.”

“யாரோ நல்லவங்க.”

“எந்தச் செடிக்கு எவ்ளோ வெயில் ஆவும்னு ரெண்டு பேருக்குத்தான்க்கா தெரியும். ஒண்ணு நானு.”

“இன்னொண்ணு?”

“எங்க வூட்டுக்காரரு.”

மூத்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“மரம் சாஞ்ச அன்னிக்கு அவரு உளுந்தூர்பேட்டைல லோடு எறக்கிக்கினு இருந்தாருன்னு, நேத்துதான்க்கா கொயந்த தலைல அடிச்சி போலீசுகிட்ட சத்தியம் பண்ணேன்.”