மரங்களுக்கு வளையம் பூட்டிய எர்னஸ்ட் ஐயாவுக்கு, பொறுமையிழந்த பணியாளர்கள் படைக்கும் மடல்

வானளாவும் மெராந்தி மரங்களின் வயிற்றளவை வழுவாது அறிந்த வல்லுநரே! வெயிலுக்கு எது வாடும், மழைக்கு எது மகிழும் என மலையடிக் காட்டில் மாளாது ஆராய்ந்த மதியூகியே! பொய் என்னும் பண்டத்தை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காத புண்ணியரே! பாலிங் வட்டார மர ஆய்வு நிலையத்தின் மூத்த அதிகாரி, உயர்திரு எர்னஸ்ட் சவரிமுத்து அவர்களே! வணக்கம். உங்கள் பணி ஓய்வு விழாவில் வாசிக்கும் இம்மடலில் உங்களைப் புகழ வேண்டும் என்பது ஏற்பாடு. முயல்கிறோம்.

மழை முறை தவறுகிறது, வறட்சி நீள்கிறது, அதை மனிதர் உணருமுன்னே மரம் உணர்கிறது என்பது உங்கள் கொள்கை. அதை நிறுவ, பக்கத்துத் தோட்டத்துக்குச் சொந்தமான காட்டில் ஒவ்வொரு பெருமரத்தின் இடுப்பிலும் சுருள்கம்பி கோத்த மெல்லிய எஃகு வளையம் பூட்டினீர்கள். மரம் பருத்தால் வளையம் விரியும். வறட்சியில் இளைத்தால் சுருங்கும். அட்டை கடித்த காலோடு திரும்பி வந்து, "இந்த வருஷம் மரமெல்லாம் மெலிஞ்சு போச்சு" என்று, பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டவர்போல் சோற்றைத் தள்ளி வைப்பீர்கள். "அப்ப பருவம் மாறிடுச்சுன்னு எழுதிடலாமா ஐயா?" என்றால், "அவசரப்படாதீங்க தம்பி, இன்னும் பத்து வருஷம் பார்க்கணும்" என்பீர்கள். கேட்ட தம்பிக்கு இப்போது பேரன் பிறந்துவிட்டான்.

சென்ற ஆண்டு அக்காட்டை அழித்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை நடத் தோட்ட நிர்வாகம் முடிவெடுத்தது. மரம் போனால் உங்கள் ஆயுட்கால உழைப்பும் போகும். மேலிடத்துக்கு மனுப் போட்டோம், பதிலில்லை. காத்தவர்கள் தோட்டத்து மக்களே! மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிக்கொண்டவர், அதை அவிழ்க்கும்வரை முகச்சவரம்கூடச் செய்யமாட்டார். அந்த உடம்பில் கத்தி படலாகாது. மரம் அறுக்க ஆட்களோடு வந்த மேற்பார்வையாளர், மண்டோர் இருளப்பன், வளையங்களைக் கண்டார். "மரத்துக்கே காப்புக் கட்டியிருக்காங்கடா, கைய வைக்காதீங்க!" என்றார். அறுக்கும் மெஷின் லோரியேறித் திரும்பியது. மறுவாரம் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காளியம்மா பெண்களைத் திரட்டிப்போய் வளையந்தோறும் மஞ்சள் தடவிவிட்டு வந்தார்.

ஐயா! அன்று நீங்கள் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: சும்மா இருப்பது. வாங்க வந்தவர் தாமாகவே கூடுதல் விலை சொன்னால், எந்தக் கடைக்காரராவது "இல்லை, சரக்கு அவ்வளவு பெறாது" என்று வழக்காடுவாரா? நீங்கள் வழக்காடினீர்கள்! லயத்துக்கே நடந்து போய், "இது காப்பு இல்லம்மா, அளக்கிற கருவி" என்று விரிவுரை ஆற்றினீர்கள். பின்னாலிருந்து நாங்கள் சட்டையைப் பிடித்து இழுத்தது உங்களுக்கு உறைக்கவில்லை.

காளியம்மா கேட்டார்: "சரிங்கய்யா, எப்ப அவுப்பீங்க?"

"மரம் நிக்கிற வரைக்கும் அவுக்கக்கூடாதும்மா."

"கத்தி படலாங்களா?"

"ஐயையோ, படவே கூடாது!"

"பொறவு என்னத்த இல்லேங்கிறீங்க? வாங்கடி, போயி உலை வைப்போம்."

உங்கள் வாய்மை தோற்றது, காடு பிழைத்தது. வளையம் கழலட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று நிர்வாகமும் ஒதுங்கிக்கொண்டது.

அதோடு விட்டீர்களா? ஓய்வு பெறுபவர் தம் பெயரிலுள்ள கருவிகளை ஸ்டோரில் ஒப்படைக்க வேண்டுமாம்! போன வாரம் கையில் குறடும் கண்ணில் நீருமாகக் காட்டுக்குப் புறப்பட்டீர்கள். கழற்றிய மறுநாளே மெஷின் வரும் என்று கதறினோம். "விதின்னா விதிதானே" என்றீர்கள். நீங்கள் ஒப்படைக்க வழியில்லாதபடி, கணக்கெழுதும் கிராணி பரஞ்சோதி அன்றே ஸ்டோரைப் பூட்டிச் சாவியோடு மருத்துவ விடுப்பில் போனார். அவருக்கு ஒரு நோயும் கிடையாது; உங்கள் நேர்மைதான் நோய்!

ஆகவே இந்த அவையில் அறிவிக்கிறோம்: உங்கள் இடத்துக்கு வந்துள்ள அதிகாரி ஜெனவீவ் அம்மையார், வளையங்கள் அனைத்தையும் இருந்த இடத்திலேயே இன்று காலை தம் பெயருக்கு ஏற்றுக்கொண்டார். விதி பிழைத்தது, மரமும் பிழைத்தது. இனி உங்கள் பெயரில் ஓர் ஆணிகூட இல்லை. குறட்டைக் கீழே வையுங்கள்! துணைவியார் கேதரின் அம்மையாருடன் புக்கிட் செலம்பாவ் இல்லத்தில் நோய்நொடியின்றி, மழைக்கு வீட்டுக்குள் ஒதுங்கும் வழக்கத்தை இனியேனும் கற்று, நெடுங்காலம் வாழுங்கள்! மனமார, மனம் நொந்தும், வாழ்த்துகிறோம்.

எங்கள் பாடு இன்னும் தீரவில்லை. "தோட்டத்து ஜனங்க இது காப்பான்னு கேட்டா, சிரிச்சிட்டுப் போயிடுங்கம்மா" என்று ஜெனவீவ் அம்மையாரிடம் கெஞ்சினோம்.

"அதெப்படிங்க? இல்லேன்னுதானே சொல்லணும்" என்றார்.

தலையில் கைவைத்தபடி,
மர ஆய்வு நிலையப் பணியாளர்கள்,
பாலிங், கெடா, 1986