லேடி யூனிஸ் ஓடட்டும்

எனக்குக் கப்பல் பயணம் ஒத்துக்கொள்ளாது. சிறு வயதிலிருந்தே அப்படித்தான். துறையை விட்டு விலகியதுமே வயிற்றைப் புரட்டும். சின்னத் தீவின் பிரதிநிதியாகப் பதினோரு வருஷம் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தவனுக்கு இது கேலிக்கிடமான விஷயம்தான். ஒரு கார்னிவலுக்கு எங்கள் ஊர்ப் பையன்கள் இதை வைத்துப் பாட்டே கட்டினார்கள். நான் குட்டி விமானத்தில்தான் போய்வருவேன். அதனால், ஆணையத் தலைவர் அம்மா, இரண்டு தீவுக்கும் நடுவே ஓடிய லேடி யூனிஸ் கப்பலில் அன்று நான் ஏறாததை வைத்து எதையும் முடிவுகட்ட வேண்டாம். என்றைக்குமே நான் அதில் ஏறியதில்லை.

என் தங்கை வெர்லின் இந்த ஆணையத்தின் முன் சொன்னதைப் படித்தேன். ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அவளுக்குப் பொய் சொல்ல வராது. எனவே வக்கீல் வேண்டாமென்று சொல்லிவிட்டுத் தனியாக வந்திருக்கிறேன். மறைக்க எதுவுமில்லை. மறைப்பதற்குத் தெம்பு வேண்டும், அதுவும் இல்லை.

எதிர்க்கட்சி என்றால் என்னவென்று உங்களைப் போன்ற படித்தவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்போது அவையில் நாங்கள் மூன்றே பேர். ஒருவர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கிவிடுவார். இன்னொருவர் பாதி வருஷம் சிகிச்சைக்கென்று மயாமியில் இருப்பார். ஆகவே எதிர்க்கட்சி என்பது நடைமுறையில் நான்தான். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்க வழியில்லை என்று கேட்டேன். புயலில் பறந்த பள்ளிக்கூடக் கூரை எப்போது திரும்ப வரும் என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: பரிசீலனையில் உள்ளது. ஒருமுறை ஒரு அமைச்சர், என் கேள்விக்குப் பதிலாக, போன மாதம் வேறொரு கேள்விக்குச் சொன்ன பதிலையே எடுத்து வாசித்தார். சபாநாயகர் கவனிக்கவில்லை. ஆளுங்கட்சியில் யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். எழுந்து நிற்க அலுப்பாக இருந்தது. உட்கார்ந்தே இருந்தேன்.

ஐடாலியாவைப் பற்றிச் சொல்கிறேன். நீங்கள் எப்படியும் கேட்பீர்கள். சின்னத் தீவில் விளைகிற சேனை, வாழைக்காய், துவரை எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு வாராவாரம் பெரிய தீவின் சந்தைக்கு வருகிற பெண்களில் அவள்தான் தலைவி மாதிரி. பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய வாய். லேடி யூனிஸ் திடீரென்று நிறுத்தப்பட்டு, இஞ்சின் கோளாறு என்று துறையில் பலகை வைத்தார்களே, அந்த வாரம் நான் ஊருக்குப் போயிருந்தேன். துறை முழுக்க வாழைக்காய் பழுத்து நாறிக்கொண்டிருந்தது. ஐடாலியா ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"வாய்யா மெம்பரு," என்றாள். "உன்ன அங்க அனுப்புனது எதுக்கு? மேசையத் தட்டவா? மேசையத் தட்டுறதுக்கு எங்க ஊரு தச்சனே போதுமே. அவன் தட்டுனா ஒரு நாற்காலியாச்சும் கிடைக்கும்."

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "கேக்குறேன், ஐடாலியா. இந்த வாரமே கேக்குறேன்."

"கேளு, கேளு. நீ கேப்ப, அவங்க கேட்டுக்குவாங்க. என் வாழைக்கா அதுக்குள்ள சாராயமாயிரும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆல்பன் ஜூபெர் பெரிய தீவிலுள்ள என் வீட்டுக்கு வந்தார். போக்குவரத்து அமைச்சர். பள்ளிக்கூடத்தில் நானும் அவரும் ஒரே பெஞ்சு. ஓட்டுநர் இல்லாமல் தானே காரை ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். பின்பக்க வராந்தாவில் உட்கார்ந்தோம். நான் ஊற்றிக் கொடுத்த ரம்மை அவர் தொடவில்லை.

"இஞ்சினுக்கு ஒண்ணுமில்லடா, ஃபிட்ஸ்," என்றார். "இஞ்சின் போன வருஷம்தான் மாத்துனோம். அடித்தகடு துருப்பிடிச்சுப் போச்சு. கரையேத்தி வச்சிருந்தப்ப நானே கீழ படுத்துப் பாத்தேன். கார் சாவியால குத்துனேன். உள்ள போயிருச்சு."

"அப்ப அதைச் சொல்ல வேண்டியதுதானே."

"சொன்னேனே, பிரதமர்கிட்ட. அந்தக் கப்பல வாங்குனதே அவர் மச்சான் மூலமா. தேர்தல் வர்ற நேரத்துல அந்தப் பேச்சே எடுக்காதன்னுட்டாரு. நானாத்தான் இஞ்சின் கோளாறுன்னு சாக்குச் சொல்லி நிறுத்தி வச்சிருக்கேன். மார்ட்டினிக் தீவுல ஒரு கப்பல வாடகைக்குக் கேட்டிருக்கேன். அது வர்ற வரைக்கும் நீ இத அவைல எடுக்காத. நீ எடுத்தா அவரு என்னை மிதிச்சிட்டுக் கப்பல ஓட விட்டுருவாரு."

"எத்தனை நாளு?"

"மூணு வாரம். மிஞ்சிப் போனா நாலு. உன்னக் கெஞ்சிக் கேக்குறேன்டா. அதுல போறது உன் சனங்க."

அவரை வாசல்வரை கொண்டுவிட்டேன். என் தோளைப் பிடித்து அழுத்தி, "நன்றிடா" என்றார். நான் எந்த வாக்கும் கொடுத்திருக்கவில்லை. அதைத் தயவுசெய்து பதிவு செய்துகொள்ளுங்கள்.

அவர் போன பிறகு ஊற்றிய ரம்மை நானே குடித்தேன். எனக்கு ஒன்று புரிந்தது. கேட்காதே என்று ஒரு அமைச்சர் என்னிடம் கெஞ்சியது அதுதான் முதல் தடவை. அதுவரை என் கேள்வியை யாரும் பொருட்படுத்தியதில்லை. செவிடன் காதில் ஊதிய சங்காகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், முதல்முறையாக என் வாயிலிருந்து வரும் ஒரு வாக்கியத்துக்கு ஒரு மனிதன் பயந்தான். அதை ஆசை என்று சொல்ல மாட்டேன். பதினோரு வருஷ அலுப்பிலிருந்து ஓய்வு கிடைத்த மாதிரி இருந்தது.

செவ்வாய்க்கிழமை கேள்வி நேரம். ஐடாலியாவும் சந்தைப் பெண்கள் சிலரும் மீன்பிடிப் படகில் கடலைத் தாண்டி வந்து பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். உப்புத் தண்ணீரில் நனைந்த துணியோடு. காவலர் அவர்களைத் துரத்தப் பார்த்தார்; நான் சொல்லி உட்கார வைத்தேன்.

"போக்குவரத்து அமைச்சரிடம் ஒரே ஒரு கேள்வி," என்று எழுந்தேன். "லேடி யூனிஸின் இஞ்சினில் கோளாறு இருக்கிறதா, இல்லையா?"

ஆல்பன் எழுந்து, பயணிகளின் பாதுகாப்பு, தொழில்நுட்ப ஆய்வு என்று ஏதோ தொடங்கினார்.

"நான் கேட்டது இஞ்சினை. புது இஞ்சின், இந்த அவை போன வருஷம் அனுமதித்த இஞ்சின். அதில் கோளாறா? ஆம் அல்லது இல்லை."

அவர் என்னைப் பார்த்தார். அவையில் பொய் சொல்கிறவர் இல்லை அவர். அது எனக்குத் தெரியும்.

"இஞ்சினில் இல்லை," என்றார்.

சொல்லிவிட்டு உட்காராமல் நின்றார். நான் இன்னொன்று கேட்பேன் என்று எதிர்பார்த்தவர் போல நின்றார்.

"அப்படியானால் லேடி யூனிஸ் ஓடட்டும்," என்றேன். "எங்கள் மக்களைக் கடலுக்கு அப்பால் சிறை வைக்க இந்த அரசுக்கு எவரும் ஓட்டுப் போடவில்லை."

மாடத்தில் பெண்கள் கைதட்டினார்கள். எதிர்க்கட்சி மேசையை நான் ஒருவனே தட்டினேன். பிரதமர் எழுந்து, சனிக்கிழமை பேதுரு திருவிழாவுக்குக் கப்பல் ஓடும், இது என் வாக்குறுதி என்றார். பதினோரு வருஷத்தில் நான் கேட்டு ஒன்று நடந்தது அன்றுதான்.

வெளியே ஐடாலியா என் கன்னத்தைக் கிள்ளினாள். "இன்னைக்குத்தான்யா நீ மெம்பரு," என்றாள்.

நடைபாதையில் ஆல்பன் தனியாக நின்றுகொண்டிருந்தார்.

"ஏன்டா?" என்றார்.

"நீ உண்மையச் சொல்லியிருக்கலாமே."

"இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். பதவி போனாப் போகுதுன்னு நின்னுட்டிருந்தேன். நீ உக்காந்துட்ட."

மறுநாளும் அதற்கு மறுநாளும் அவர் பிரதமரின் அலுவலக வாசலில் காத்துக் கிடந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். பிரதமர் தொகுதிச் சுற்றுப்பயணத்தில் இருந்தார்.

இப்போது வெர்லின் விஷயம். திருவிழாவுக்கு அவள் வழக்கமாக என் வீட்டுக்கு வந்து தங்குவாள். வியாழக்கிழமை அவளைத் தொலைபேசியில் கூப்பிட்டு, இந்த வருஷம் வராதே என்றேன்.

"ஏன்?"

"இங்க காய்ச்சல் பரவுது."

"திருவிழா ஊருல எந்த வருஷம் காய்ச்சல் இல்ல? இங்க டிக்கெட்டுக்கு அடிச்சுக்கிறாங்கண்ணே. நீ சண்டை போட்டு வாங்கித் தந்த கப்பல்ல உன் தங்கச்சியே வரலைன்னா ஊரு என்ன சொல்லும்?"

"வேண்டாம்னா வேண்டாம், வெர்லின்."

"உனக்கு என்னமோ தெரியும்," என்றாள்.

"காய்ச்சல்தான்."

உங்களிடம் அவள் சொன்னது இதைத்தான். சரியாகவே சொல்லியிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை ஐடாலியா கூப்பிட்டாள். "மெம்பரு, உன் தங்கச்சி டிக்கெட்டு எனக்கு வந்துருச்சு. காய்ச்சலுக்குப் பயந்துக்கிட்டாளாம். எனக்கென்ன பயம், காய்ச்சல்தான் என்னப் பாத்துப் பயப்படணும். நாளைக்குச் சந்தைக்கு வா, நல்ல வாழைத்தாரா எடுத்து வைக்கிறேன்."

"வர்றேன்," என்றேன்.

வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று யோசித்துப் பாருங்கள். அவளிடம் சொன்னால் துறையில் நிற்கிற எல்லோரிடமும் சொன்ன மாதிரி. ஒருத்திக்கு மட்டும் சலுகை காட்டுவது நியாயமில்லை. தங்கை என்பது வேறு, அது குடும்பம்.

கடல் அன்று அமைதியாகவே இருந்தது. புயல் என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. இரண்டு தீவுக்கும் நடுவில், கரை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், பின்பக்கமாகத் தண்ணீர் ஏறியிருக்கிறது. திருவிழாக் கூட்டம் என்பதால் அளவுக்கு மேல் ஆட்கள். மேளம் அடித்துக்கொண்டிருந்ததால் முதலில் யாருக்கும் தெரியவில்லை என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். மீனவர்கள் முடிந்தவரை இழுத்துப் போட்டார்கள். ஐடாலியா மறுநாள் ஒருவருடைய வலையில் வந்தாள். சந்தைக்குக் கட்டுகிற பை வைத்த முன்துணியை வைத்து அடையாளம் கண்டோம். நான்தான் அடையாளம் காட்டினேன். ஊர் மெம்பர் என்கிற முறையில் அது என் கடமை.

அவை கூடியபோது இறந்தவர்களின் பெயர்களை வாசித்தேன். நீண்ட நேரம் ஆனது. பாதியில் என் குரல் உடைந்தது. அது நடிப்பில்லை; ஒலிப்பதிவு இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். பிறகு ஆல்பனைப் பார்த்துக் கேட்டேன்: "இந்தக் கப்பலின் அடித்தகடு துருப்பிடித்துப் போயிருந்தது அமைச்சருக்கு முன்பே தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்," என்றார்.

அவ்வளவுதான். உங்களுக்கும் தெரியும் என்று அவர் சொல்லவில்லை. சொல்வார் என்று நான் காத்திருந்தேன். அதற்கு ஒரு பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். ஏன் சொல்லவில்லை என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. நண்பனைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்திருப்பார். அப்படிப்பட்டவர்கள் அரசியலுக்கு வரக்கூடாது.

அவர் பதவி விலகினார். அவர் வீட்டு ஜன்னல்களைக் கல்லெறிந்து உடைத்தார்கள். சின்னத் தீவுக்கு அடக்கத்துக்குப் போனவரைத் துறையிலேயே திருப்பி அனுப்பினார்கள். மழைக்காலத்தில் மாரடைப்பில் போய்விட்டார். அடக்கத்துக்கு நான் போனேன். அவர் மனைவி ரோசமண்ட் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசி வரைக்கும் உங்களப் பத்தி ஒரு வார்த்த தப்பாப் பேசலை," என்றார். அவருக்கு எதுவும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

தேர்தலில் நாங்கள் ஜெயித்தோம். இப்போது போக்குவரத்துத் துறை என்னிடம். புதுக் கப்பல் வந்தாயிற்று, நல்ல கப்பல். எதிர்க்கட்சி வரிசையில் இப்போது உட்கார்ந்திருப்பவர்கள் என்னைக் கேள்வி கேட்கிறார்கள். சோர்வாகக் கேட்கிறார்கள். பரிசீலனையில் உள்ளது என்கிறேன்.

சரி. நீங்கள் மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். ஆள் சாகலாம் என்று தெரிந்தே கப்பலை ஓட வைத்தேனா என்று. ஆம். தெரிந்தேதான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஏன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், இல்லாவிட்டால் அது அரைகுறை உண்மையாகிவிடும்.

நிறுத்தி வைத்த கப்பலைக் காட்டி ஒரு அரசைக் கவிழ்க்க முடியாது. அது வெறும் அசௌகரியம். ஓடுகிற கப்பல் வேறு. தெரிந்தே மக்களை ஏற்றி அனுப்பினார்கள் என்றால் பிரதமரே ஆட்டம் காண்பார். இஞ்சினில் கோளாறில்லை என்றால் பின் எதில் கோளாறு? அதுதான் அடுத்த கேள்வி. ஆல்பன் நின்றுகொண்டே எதிர்பார்த்த கேள்வி. அதை நான் மறக்கவில்லை, விட்டுவிடவும் இல்லை. கப்பல் இரண்டு தடவை போய்வரட்டும் என்று அடுத்த செவ்வாய்க்கு எடுத்து வைத்திருந்தேன். நான் கேட்கவிருந்ததிலேயே சிறந்த கேள்வி அது. அதைக் கேட்ட அன்றே கப்பலை நிறுத்தியிருப்பார்கள். எத்தனையோ வருஷம் அந்தத் துருவோடு மிதந்த கப்பல், இன்னும் மூன்று நாள் மிதந்திருந்தால், அத்தனை பேரையும் காப்பாற்றியவன் நானாக இருந்திருப்பேன்.