லூயிசா கரை சேர்ந்த விதம்

ஏற்காட்டு மழையில் மரச்சாமானைக் காப்பாற்றுவது லேசான வேலையல்ல. தேக்கில்கூடப் பூஞ்சணம் படர்ந்துவிடும். லூயிசாவை நான் உப்புத்தாளால் தேய்த்து வார்னிஷ் பூசாத வருஷமே கிடையாது. ஒரு படகைப் பற்றி இவ்வளவு எதற்கு என்று பார்க்கிறீர்கள், இன்ஸ்பெக்டர். அதைச் சொல்லாமல் மற்றது புரியாது.

லூயிசா பந்தயத்துக்கென்றே செய்த பாய்மரப் படகு. வெள்ளைக்காரன் காலத்தில் பம்பாயில் ஒரு துரைக்காகக் கட்டியது. அந்தத் துறைமுகத்தில் அதை முந்திய படகு இல்லை என்பார்கள். துரை ஊருக்குக் கப்பலேறிய பிறகு கேட்பாரற்றுக் கிடந்தது. விறகுக்கு உடைக்க இருந்ததை என் அண்ணன் பெரியநாயகம் வாங்கினார். எழுபத்திரண்டில் லாரியில் மலையேற்றினோம். கொண்டை ஊசி வளைவுகளில் பாறை உரசிவிடக் கூடாதென்று நான் லாரிக்குப் பின்னால் நடந்தே வந்தேன். காப்பி எஸ்டேட் அண்ணனுடையது. எனக்குக் குடும்பம் இல்லை. "நீ படகப் பாத்துக்க" என்றார். பார்த்துக்கொண்டேன்.

போன வருஷம் அண்ணன் இறந்தார். அவருடைய ஒரே மகள் மரியசெல்வி சேலத்திலிருந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நல்ல பெண். என்னிடம் குரல் உயர்த்திப் பேசியதே இல்லை.

"ஏனுங்க சித்தப்பா, அது சும்மாதானுங்க கெடக்குது? ஓட்டல்காரங்க கேக்கறாங்க. உள்ள மண்ணக் கொட்டி, பூச்செடி வெச்சு, வாசல்ல நிறுத்துவாங்களாம்."

"மண்ணக் கொட்டுனா மரம் செத்துப்போயிரும் கண்ணு."

"நானும் எத்தனைன்னுங்க பாக்கறது?" என்றாள். எஸ்டேட் அவளுடையது, படகும் அவளுடையது. நான் என்ன சொல்ல முடியும்?

கொடுப்பதற்கு முன் ஒருதரம் ஏரியில் ஓட்டிப் பார்க்க அவளே ஆசைப்பட்டாள். அப்பா சொல்லிக்கொடுத்தது மறக்கவில்லை என்றாள். நான் துடுப்புப் படகில் பின்னால் போனேன். சேர்வராயன் கோயில் பக்கமிருந்து திடீரென்று காற்று இறங்கியது. லூயிசா சாய்ந்து தண்ணீர் மொண்டது. அடியில் ஈயக்கட்டை வைத்த படகு. தண்ணீர் நிறைந்தால் நேரே கீழேதான் போகும். நான் பாய்ந்துபோய் அதன் மூக்கில் கயிற்றைக் கட்டி இழுத்துப் பிடித்தேன்.

மரியசெல்வி தண்ணீரில் கிடந்தாள். அவளுக்கு நீச்சல் தெரியாது.

"சித்தப்பா, கையக் குடுங்க."

"செத்த பொறு சாமி. கயித்த உட்டா படகு போயிரும்."

என் இரண்டு கையும் கயிற்றில் இருந்தன. கரையில் நின்றவர்களும் உங்களிடம் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். கிழவன் தவித்தான், பாவம் என்று. உண்மையிலேயே தவித்தேன். என் கண்ணெதிரில் அவள் முங்கி எழுந்தாள். பிறகு எப்படியோ லூயிசாவின் விளிம்பை எட்டிப் பிடித்துக்கொண்டாள். அவள் பாரத்தில் அந்தப் பக்கம் தாழ்ந்து, இன்னும் தண்ணீர் ஏறியது. "உட்டுரு கண்ணு" என்று தன்மையாகத்தான் சொன்னேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். விடவில்லை.

அவள் விரல்கள் எப்படி ஒடிந்தன என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். இடது கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தேன். குளிரில் விறைத்திருந்தன, மெதுவாகச் செய்ய முடியவில்லை. அதன்பின் படகு நிமிர்ந்துகொண்டது. கரைக்கு இழுத்துச் சேர்த்தேன். ஒரு பலகைகூடப் பிளக்கவில்லை.

அவளைக் காப்பாற்ற எனக்கு மட்டும் ஆசை இல்லையா? இரண்டு கையும் கயிற்றில் இருக்கும்போது ஒரு மனிதன் என்னதான் செய்ய முடியும், சொல்லுங்கள்.