கிராடாக்கின் பச்சைக்கு அடியில்

பெயர்: டெஸ்மண்ட் பார்ஜிட்டர். வயது: 74. தொழில்: ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். முகவரி: மில் லேன், ஹாலோபரி கிராமம், வூஸ்டர்ஷயர். சொந்த வாகனம்: 1957ஆம் வருடத்து இரண்டு இருக்கைத் திறந்த ஸ்போர்ட்ஸ் கார். நிறம்: இல்லை.

நிறம் இல்லை என்றால் என்ன என்று காவல் அதிகாரி கேட்டதால் சொல்கிறேன். எனக்கு முன் வண்டியை வைத்திருந்த புண்ணியவான் பழைய பெயிண்டைத் தகரம் வரை சுரண்டிவிட்டுத் தக்காளிச் சிவப்பு அடித்திருந்தார். அந்தச் சிவப்பை நான் சுரண்டிவிட்டேன். நாளை திங்கட்கிழமை பெயிண்டர் வருகிறார். தொழிற்சாலையில் அந்த வருடம் அடித்த நிறத்தையே அடிப்பதாக இருக்கிறேன். அது நீலம். ஏழு வயதில் எங்கள் தெருவுக்கு வந்துபோன டாக்டரின் வண்டியை அந்த நீலத்தில் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பழைய கார் சங்கத் தலைவர் லயனல் கிராடாக் அப்படி ஒரு நீலமே கிடையாது என்கிறார். அவருடைய வண்டியும் அதே வருடத்தது, பச்சை. தொழிற்சாலையை விட்டு வந்த நாள்முதல் அதன்மேல் தூரிகைகூடப் பட்டதில்லை என்பது அவர் பேச்சு. சங்கம் நடத்தும் கார் போட்டியில் வருடாவருடம் கோப்பை அவருக்குத்தான். அவர் வண்டியைப் பார்த்து ஏழு பேர் தங்கள் வண்டிக்கும் பச்சை அடித்துவிட்டார்கள். போன கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும், "கனவுல பாத்த கலரையெல்லாம் அடிச்சிட்டு வந்தா போட்டி வாசல்லயே திருப்பி அனுப்பிருவேன், டெஸ்மண்ட்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அதன் பிறகு, நேற்றுப் பிற்பகல் தேவாலய மைதானத்தில் நடந்த கோடை விழாவுக்குப் போனேன். கிராடாக்கின் வண்டி தேநீர்க் கூடாரத்துக்குப் பக்கத்தில் கூரை திறந்து நின்றது. அவர் ஸ்கோன் ரொட்டியும் ஜாமும் வாங்க வரிசையில் நின்றார். அதன் பிறகு நான் வண்டிக்குள் ஏறி, கால்களை இருக்கையின் முதுகில் போட்டு, தலையைப் பிரேக் பெடலுக்குப் பக்கத்தில் கொடுத்துத் தலைகீழாகப் படுத்தேன். இந்த வயதில் செய்கிற வேலை இல்லைதான். டாஷ்போர்டின் உள்பக்கத்தில் வெயில் படாது, நிறம் வெளுக்காது. அங்கே பேனாக்கத்தியால் நகக்கண் அளவு ஒரு பெயிண்ட் செதில் எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். மேலே பச்சை. அடியில் நீலம். நீலத்துக்கு அடியில் தொழிற்சாலையின் அடிப்பூச்சு, பிறகு வெறும் தகரம். ஆக, தொழிற்சாலை அடித்தது நீலம்; பச்சை பிற்பாடு வந்தது. டாக்டர் வண்டியின் அதே நீலம், பெட்டியை விட்டு எடுக்காத புதுத்துணி மாதிரி இருந்தது.

சந்தோஷத்தில் நான் கத்தியது உண்மை. பாதிரியார் பக்கத்தில் நிற்கும்போது சொல்லக்கூடிய வார்த்தை இல்லை என்று பிறகு சொன்னார்கள். முழங்கால் பட்டு ஹாரன் அலறியது. அதன் பிறகு திருமதி ஃபிலிப்பா கிராடாக், "திருடன்! வண்டியக் கிளப்புறான்!" என்று ஓடிவந்து தேநீர்த் தட்டால் என் காலில் அடித்தார். கிராடாக் என்னைப் பிடித்து வெளியே இழுத்தார்.

"நீலம்யா லயனல்! முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்சி வச்சிருக்கியேய்யா!"

"வாய மூடுய்யா. எல்லாரும் பாக்குறாங்க."

"நல்லாப் பாக்கட்டும்!"

செதிலைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. அவருக்கு இது முன்பே தெரியுமா என்பது எனக்குத் தெரியாது. அதன் பிறகு திருட்டு முயற்சி, சேதம் என்று என் மேல் புகார் கொடுத்தார். செதிலைக் காவல்துறை கைப்பற்றியது.

இன்று காலை திருமதி கிராடாக் பழக் கேக்கோடு என் வீட்டுக்கு வந்தார். "புகார வாபஸ் வாங்கிக்கிறோம். அந்தச் செதிலு குப்பைக்குப் போகட்டும், டெஸ்மண்ட். அவரு ராத்திரி பூரா தூங்கல" என்றார். கேக்கை வாங்கிக்கொண்டேன். வாபஸுக்குச் சம்மதிக்கவில்லை.

நான் திருடப் போகவில்லை. செதில் எடுத்தது நான்தான். அதற்காக என் மேல் தயவுசெய்து வழக்குத் தொடர வேண்டும். செதிலை நீதிமன்றத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஜன்னலோரம் வைக்க வேண்டும். மின்விளக்கில் நீலமும் பச்சையும் ஆளை ஏமாற்றும். அதற்கு முன் நாளைக் காலை என் பெயிண்டர் காவல் நிலைய முற்றத்தில் அதைப் பார்த்து நிறம் கலந்துகொள்ள அனுமதிக்க வேண்டும்.

நான் சொன்னதைச் சொன்னபடி எழுதி எனக்கு வாசித்தும் காட்டினார்கள். அத்தனையும் உண்மை. ஒரு திருத்தம் மட்டும்: மேலே என் வண்டிக்கு நிறம் இல்லை என்று எழுதியிருப்பதை அடித்துவிட்டு, நீலம் என்று எழுதிக்கொள்ளவும்.

(ஒப்பம்) டெஸ்மண்ட் பார்ஜிட்டர்