ஒரு கைப்பெட்டியுடன் கடல் பார்க்கப் போனது பற்றி

சரிதா, வயது 47, காலஞ்சென்ற நந்தகுமாரின் மனைவி, பள்ளக்காட்டுத் தெரு, திருச்செங்கோடு, நாமக்கல் மாவட்டம் என்ற முகவரியில் குடியிருப்பவர், 2025 ஜூலை 21ஆம் தேதி காவல் நிலையத்தில் ஆஜராகி, பெண் உதவி ஆய்வாளர் முன்பு கொடுத்த வாக்குமூலம்.

நான் மேலே கண்ட முகவரியில் குடியிருந்துகொண்டு விசைத்தறிக் கூடத்தில் நூல் சுற்றித் தார் போடும் வேலை செய்து வருகிறேன். என் கணவர் நந்தகுமார், போர்வெல் ரிக் வண்டியில் டிரில்லராக வேலை பார்த்தார். அவருக்குச் சொந்த ஊர் பனமரத்துப்பட்டி. வருடத்தில் பெரும்பகுதி வடக்கே வண்டியோடு இருப்பார். மழைக்காலத்தில் வண்டி ஓடாது என்பதால் அப்போதுதான் வீட்டுக்கு வருவார். எங்களுக்குப் பிரீத்தி என்ற ஒரே மகள், வயது 24, பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறார்.

என் கணவரின் அண்ணன் கந்தவேல், தன் தம்பியின் சாவில் சந்தேகம் இருப்பதாக மனுக் கொடுத்திருப்பதாகவும், வெளிநாட்டுக்கு ஒரே ஒரு சிறிய பெட்டியோடு போனது ஏன், நீச்சல் தெரிந்தவர் இறந்து நீச்சல் தெரியாத நான் பிழைத்தது எப்படி, இந்தப் பயணத்தைப் பிரீத்தி ஏன் ஏற்பாடு செய்தார் என்று அதில் கேட்டிருப்பதாகவும் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. அதற்கு நான் சொல்வதாவது:

எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் ஆகியும் நாங்கள் இருவர் மட்டுமாக எங்கும் போனதில்லை. அதனால் பிரீத்தி தன் சம்பளத்தில் தாய்லாந்து நாட்டில் புக்கெட் என்ற கடற்கரை ஊருக்கு நான்கு நாள் போய்வர விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். அந்த டிக்கெட்டில் பெரிய பெட்டி போட இடமில்லை, கையோடு எடுத்துப்போகும் பெட்டி மட்டும்தான், அதுவும் ஏழு கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்றார். நான், "ஏனுங்க, இதுக்குள்ள ரெண்டு பேரு துணி எப்படிங்க அடங்கும்?" என்று கேட்டதற்கு என் கணவர், "ரெண்டு லுங்கியோட ஆறு மாசம் ரிக்கு வண்டில இருந்தவன் நானு. நாலு நாளைக்கு எதுக்கு இன்னொரு பொட்டி?" என்று சொன்னார். ஒரே பெட்டியோடு போனதற்கு இதைத் தவிர வேறு காரணம் இல்லை.

அந்தப் பெட்டியில் அவருடைய இரண்டு சட்டை, ஒரு அரைக்கால் சட்டை, இரண்டு லுங்கி, எனக்குப் பிரீத்தி வாங்கிக் கொடுத்த மூன்று சுடிதார், பருப்புப் பொடி, இரத்த அழுத்த மாத்திரை ஆகியவை இருந்தன. நான் அதுவரை சுடிதார் போட்டதில்லை. பெட்டியை அவர் தெருமுனைப் பட்டறைக்குக் கொண்டுபோய் இரும்பு நிறுக்கும் தராசில் மாட்டிப் பார்த்தார். கொஞ்சம் கூடுதலாக இருந்ததால் ஒரு சட்டையை எடுத்து, போட்டிருந்த சட்டைக்கு மேலேயே போட்டுக்கொண்டார். பெங்களூர் விமான நிலையத்தில் அவர் அப்படியே வியர்வையோடு நின்றதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துப் பிரீத்திக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் உயிரோடு இருந்தபோது பிரீத்தி கடைசியாகப் பார்த்தது அதுதான்.

அதன் பிறகு புக்கெட் போய்ச் சேர்ந்து ஓட்டலில் தங்கினோம். அன்று சாயங்காலம் கடற்கரைக்குப் போய்க் காலை மட்டும் நனைத்துவிட்டு வந்துவிட்டோம். மறுநாள் காலையில் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் போனோம். மணலில் ஓரிடத்தில் சிவப்புக் கொடி நட்டிருந்தது. அது இறங்கக் கூடாது என்பதற்கான அடையாளம் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. ஏதோ ஓட்டல்காரர்கள் நட்டது என்று நினைத்தோம். வேறு சிலரும் தண்ணீரில் இருந்தார்கள். என் கணவர் இறங்கி, "வா புள்ள, வெதுவெதுன்னு இருக்குது" என்று கூப்பிட்டார். நான் முழங்கால் அளவு போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு அலை வந்து இருவரையும் தள்ளிவிட்டது. விழுந்து எழுந்து சிரித்தோம். வெளியிடத்தில் அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை என்பதால் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அதன் பிறகு நான் கரைக்கு வந்து துப்பட்டாவைப் பிழிந்துகொண்டிருந்தேன். அவர் சிறு வயதிலிருந்தே கிணற்றில் நீந்தியவர். அவருக்கு இடுப்பில் கேனைக் கட்டி நீச்சல் பழக்கியது அவருடைய அண்ணன் கந்தவேல்தான். அந்தத் தைரியத்தில் கொஞ்ச தூரம் நீந்திவிட்டுத் திரும்பினார். நான் பார்க்கும்போது அவர் கரையைப் பார்த்துத்தான் நீந்திக்கொண்டிருந்தார். முகம் என் பக்கம் இருந்தது. கை இரண்டும் ஓயாமல் போய்க்கொண்டிருந்தது. ஆனால் அவர் கிட்டே வரவில்லை. நீந்த நீந்தத் தூரம்தான் கூடியது. கிணற்றில் நீந்தினால் சுவர் வரும். இங்கே என்ன நடக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. விளங்கியதும் கத்தினேன். எனக்குத் தமிழைத் தவிர எதுவும் தெரியாது. "அய்யோ, காப்பாத்துங்க" என்று கத்திக்கொண்டு தண்ணீருக்குள் ஓடினேன். யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண் என்னைப் பின்னாலிருந்து இடுப்போடு பிடித்து இழுத்து மணலில் போட்டு, எழ விடாமல் அழுத்திக்கொண்டார். நான் பிழைத்தது எப்படி என்று கேட்டதற்கு இதுதான் பதில். அந்தப் பெண் விட்டிருந்தால் மனுவில் அந்தக் கேள்வி இருந்திருக்காது.

பின்னர் காவலுக்கு இருந்த ஒருவர் பலகையோடு போய் அவரைக் கரைக்குக் கொண்டுவந்தார். நெஞ்சை அழுத்திப் பார்த்தார்கள். ஆம்புலன்சில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு டாக்டர் என்னிடம் வந்து கைகூப்பினார். அந்த ஊரில் எல்லோரும் எல்லாவற்றுக்கும் கைகூப்புவார்கள் என்பதால் நான் அதை வணக்கம் என்று எடுத்துக்கொண்டு திருப்பிக் கைகூப்பினேன். அதன் பிறகுதான் அவர் முகத்தைத் துணியால் மூடினார்கள்.

கம்பெனி வேலையாக வெளிநாடு போவதற்கான விசாவுக்குப் பிரீத்தியின் பாஸ்போர்ட் கொடுக்கப்பட்டிருந்ததால் அவரால் உடனே வர முடியவில்லை. பெங்களூரில் இருந்தபடியே எல்லோருக்கும் போன் செய்து, அந்த ஊரில் ஒரு இந்திய ஓட்டலில் சமையல் செய்யும் சமியுல்லா என்பவரைக் கண்டுபிடித்து அனுப்பினார். அவர் நமது சேலம் சூரமங்கலத்துக்காரர். ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னிடம் வந்து, "அக்கா, நான் சேலம். இனி நீங்க எதுவும் பேச வேணாம், நான் பேசறேன்" என்றார். உடலைக் கொண்டுவர அனுமதி கிடைக்கும் வரை தினமும் வேலை முடித்து வந்து, அந்நாட்டுப் போலீசாரிடமும் ஆஸ்பத்திரியிலும் எனக்காகப் பேசியவர் அவர். அந்நாட்டுப் போலீசாரும் டாக்டரும் நீரில் மூழ்கி இறந்ததாகக் கொடுத்த சான்று ஏற்கெனவே தங்களிடம் கொடுக்கப்பட்டுள்ளது.

திரும்பி வரும் நாளில் விமான நிலையத்தில், உள்ளே போட வேண்டிய லக்கேஜ் ஏதாவது இருக்கிறதா என்று கவுண்டரில் கேட்டார்கள். சமியுல்லா என்னைப் பார்த்துவிட்டு, இல்லை என்று சொன்னார். சொல்லிவிட்டு அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். என் கணவரின் உடல் தனிச் சரக்காகப் பதிவு செய்யப்பட்டு அதே விமானத்தில் கீழே ஏற்றப்பட்டிருந்தது. நான் உட்கார்ந்த பிறகு, அவர் இருக்கும் இடத்துக்கு மேலே கால் வைக்க மனம் வராமல் காலை மடக்கி இருக்கையின் மேல் வைத்துக்கொண்டேன். பணிப்பெண் காலை இறக்கும்படி சைகை காட்டினார். நான் இறக்கவில்லை. பெங்களூர் வரும்வரை அப்படியே வந்தேன்.

அதன் பிறகு பனமரத்துப்பட்டியில் அடக்கம் செய்தோம். மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்ததும், உறவினர்கள் எல்லோரும் இருக்கும்போது கந்தவேல் பிரீத்தியைப் பார்த்து, "உங்கப்பன் கடலு வேணும்னு கேட்டானா? நீதான தள்ளியுட்ட?" என்று சொன்னார். நான் அவரைக் குற்றம் சொல்லவில்லை. தம்பியின் முகத்தை அவர் மூடிய பெட்டியின் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தார். ஆனால் அன்றிலிருந்து பிரீத்தி அறையை விட்டு வெளியே வருவதில்லை. சரியாகச் சாப்பிடுவதில்லை. வேலைக்கும் போகவில்லை. நான் எது பேசினாலும், "நாந்தானம்மா டிக்கெட் போட்டேன்" என்ற ஒன்றைத்தான் சொல்கிறார். சாவு எங்கள் இருவருக்கும் தெரியாத ஒரு தண்ணீரால் வந்தது. அதில் என் மகளுக்கோ வேறு யாருக்குமோ எந்தப் பங்கும் இல்லை. எனக்கு யார்மீதும் சந்தேகம் இல்லை.

வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்கப்பட்டது. கடலில் கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அவர் பேசியதை மேலே சொல்லாமல் விட்டுவிட்டேன். அது விசாரணைக்குத் தேவையில்லை என்று உதவி ஆய்வாளர் அம்மா அவர்கள் சொன்னார்கள். நான் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன். வீட்டில் இதைச் சொல்ல வாய் திறந்தால் பிரீத்தி காதைப் பொத்திக்கொள்கிறார். எழுத்தில் இருந்தால் என்றாவது ஒருநாள் படிப்பார் என்பதால் கேட்டேன்.

விழுந்து எழுந்ததும் என் கணவர் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைக்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னது: "ஆயிரம் அடி, ஆயிரத்தி ஐந்நூறு அடின்னு பூமியத் தொளச்சுத் தொளச்சுத் தண்ணி தேடினேன் சரிதா. பாதிக்கு மேல வெறும் பொகதான் வந்துச்சு. என்ற புள்ள பிரீத்தி எவ்வளவு தண்ணியக் கொண்டாந்து காட்டுது பாரு."

அவ்வளவுதான் சொன்னார். சந்தோஷமாக இருந்தார்.

இதை எனக்கு மெதுவாக வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடியே உள்ளது, அனைத்தும் உண்மை. நகல் ஒன்று என் மகள் பிரீத்தி பெயருக்கு வேண்டும்.

(ஒப்பம்) ந. சரிதா

என் முன்பாகப் பதிவு செய்யப்பட்டது.
(ஒப்பம்) உதவி ஆய்வாளர்